வெந்நீர் வரிசையில் ஒரு சத்தியம்

ஜூன் 3, திங்கள்

தரவு சேகரிப்பு இன்று தொடங்கியது. காலையில் மூன்றாம் வார்டு, பதினொரு மணிக்கு மேல் ஐந்தாம் வார்டு. இரண்டும் ஆண்கள் வார்டுகள். மூன்று தரைத்தளத்தில் இருக்கிறது, ஐந்து இரண்டாம் மாடியில்.

ஆய்வு இதுதான். எழுந்திருக்க முடியாமல் படுத்தே கிடக்கும் முதியவர்களுக்கு முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வருகிறது. புரட்டிப் படுக்க வைத்தால் வராது. புரட்டுவதற்குச் செவிலியர் போதாது. உடனிருந்து பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கே அதைக் கற்றுக்கொடுத்தால் புண் குறையுமா என்பது கேள்வி. மூன்றாம் வார்டில் கற்றுக்கொடுக்கிறேன். ஐந்தாம் வார்டில் கற்றுக்கொடுப்பதில்லை. அங்கே வழக்கமான கவனிப்பு மட்டும். இரண்டிலும் நோயாளிகளின் தோலை நானே அடிக்கடி பார்த்துக் குறித்துக்கொள்வேன். கடைசியில் ஒப்பிட வேண்டும். ஆய்வு முடிந்ததும் ஐந்தாம் வார்டுக்காரர்களுக்கும் பயிற்சி உண்டு என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு வார்டு ஆட்களும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வெவ்வேறு மாடிகளைத் தேர்ந்தெடுத்தோம். அது என் நெறியாளர் அங்கயற்கண்ணி மேடத்தின் யோசனை. நாட்குறிப்பு எழுதச் சொன்னதும் அவர்தான். "நடந்ததை மட்டும் எழுதுங்க குளோரி. உங்க மனசை எழுத வேண்டாம். அதை அளக்கக் கருவி கிடையாது" என்றார்.

படிவங்கள் அச்சடித்து வந்தன. ஒரு கட்டுப் படிவங்களில் பக்க எண் தலைகீழாக இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

மூன்றாம் வார்டில் முதல் பயிற்சி. வந்தவர்களில் இருவர் தவிர எல்லோரும் பெண்கள்.

கற்றுக்கொடுத்தவை: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது. முழங்கால்களுக்கு நடுவே மடித்த சேலை வைப்பது. கெண்டைக்காலுக்கு அடியில் துணிச்சுருள் வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்வது. முதுகில் சிவப்பாகத் தெரிந்தால் விரலால் அமுக்கி எடுப்பது. அமுக்கிய இடம் வெளுத்துத் திரும்பினால் பயமில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது புண்ணின் தொடக்கம். உடனே சொல்ல வேண்டும்.

பஞ்சவர்ணம் என்ற பெண்மணி முன்வரிசையில் இருந்தார். கணவர் சோலைமலைக்குப் பக்கவாதம், பேச்சு இல்லை. வார்டில் கடிகாரம் இல்லையே, இரண்டு மணி நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டதற்கு அவரே பதில் சொன்னார்.

"போன்ல நாலு சீரியல் பாப்பீகள்ல? நாலு முடிஞ்சா ஒரு பொரட்டு. புரோட்டா மாஸ்டர் என்ன கடிகாரத்தப் பாத்தா பொரட்டுறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்கு சீரியல் இரண்டு மணி நேரம்தான். சரியான கணக்கு.

ஜூன் 6, வியாழன்

ஐந்தாம் வார்டில் இன்று சேர்த்தவர்களில் எண் 11: சங்கிலி, வயது அறுபத்தெட்டு. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு நன்றாக இருக்கிறது. இதயம் பலவீனம், சர்க்கரையும் உண்டு. மனைவி இல்லை, மகன் இல்லை. ஒரே மகள் பிரசவித்த உடம்புக்காரி, வர முடியாது. உடனிருப்பவர் மருமகன் தவசி. பொக்லைன் ஓட்டுகிறார்.

"ஆராய்ச்சின்னா ஊசி கீசி போடுவீகளா?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லைங்க. முதுகை மட்டும் பார்ப்பேன்."

"முதுகையா?" மருமகனைப் பார்த்தார். "மாப்ள, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"இப்பத்தான மாமா குடிச்சேன்."

"இன்னொண்ணு குடிங்க."

தவசி போனார். அவர் வாசலைத் தாண்டும் வரை பெரியவர் போர்வையை விடவில்லை. பிறகு சொன்னார்: "பொண்ணக் கட்டுன பிள்ள. அவுக முன்னாடி துணி வெலகிக் கெடந்தா எனக்கு என்ன மருவாத இருக்கு?"

மலம் கழிப்பதற்கும் வார்டு பணியாளர் வரும் வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார் என்று தெரிந்தது. வழக்கமான கவனிப்பு என்ற தலைப்பின் கீழ் குறித்துக்கொண்டேன்.

தோல்: முழுமையாக இருக்கிறது, சிவப்போ புண்ணோ இல்லை.

ஜூன் 7, வெள்ளி

வண்டி பஞ்சர். பஸ்ஸில் போனேன். எண் 11 பதிவின்போது தவசி மறுபடி டீக்கு அனுப்பப்பட்டார்.

ஜூன் 10, திங்கள்

ஐந்தாம் வார்டில் மூன்று கட்டில்களில் நோயாளிகளின் கெண்டைக்காலுக்கு அடியில் துணிச்சுருள் இருந்தது. ஒருவரின் முழங்கால்களுக்கு நடுவே மடித்த சேலை. செவிலியர்கள் செய்தார்களா என்று இன்சார்ஜ் சிஸ்டர் சகாயமேரியிடம் கேட்டேன்.

"எங்களுக்கு ஊசி போடவே கை பத்தல. சுருள் வேற சுத்துறோமா?" என்றார்.

மாலையில் காரணம் தெரிந்தது. மருத்துவமனை முழுவதற்கும் வெந்நீர் கிடைப்பது கேன்டீனின் பின்புறம் ஒரே இடத்தில்தான். எல்லா வார்டு ஆட்களும் பிளாஸ்கோடு அங்கே நிற்கிறார்கள். மாடி பார்த்து வார்டைத் தேர்ந்தெடுத்தோம், வெந்நீரை யோசிக்கவில்லை. வரிசையின் நடுவில் பஞ்சவர்ணம் தன் பிளாஸ்கைப் படுக்கையில் கிடக்கும் ஆளாக வைத்துச் சேலைத் தலைப்பைச் சுருட்டி அதன் அடியில் கொடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர்.

"குதிங்கால் அந்தரத்துல நிக்கணும். தூண்டில்ல மீனு நிக்கிற மாதிரி."

மேடத்துக்குப் போன் செய்தேன். "ஒப்பீட்டு வார்டுக்கு விஷயம் கசிஞ்சா ஆய்வே இல்லை, குளோரி. நாளைக்கே நிறுத்துங்க" என்றார்.

ஜூன் 11, செவ்வாய்

பஞ்சவர்ணத்தைத் தனியாக அழைத்து, ஆய்வு முடியும் வரை பிற வார்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"ஏன் சிஸ்டர், இது என்ன பரிச்சக் கேள்வித்தாளா, வெளிய விடக் கூடாதுங்குறதுக்கு?"

இரண்டு வார்டையும் ஒப்பிட்டால்தான் இந்த முறை பயன்படுகிறதா என்று நிரூபிக்க முடியும், நிரூபித்தால் பிறகு எல்லா மருத்துவமனைக்கும் போகும் என்று விளக்கினேன்.

"பயன்படுதுன்னுதான எங்களுக்குச் சொல்லித் தந்தீக?"

"பயன்படும்னு நினைக்கிறோம். அதைக் காட்டணும்."

"அப்ப ஆருக்காச்சும் வரணும்கிறீக. வந்தாத்தான் காட்ட முடியும்."

அப்படி இல்லை என்றேன். எப்படி இல்லை என்பதை மறுபடி விளக்கினேன். அவர் கணவரின் கட்டிலுக்குப் போய் அவர் தலையில் கை வைத்தார்.

"இவுக மேல சத்தியமா இனி ஒரு வார்த்த பேச மாட்டேன். போதுமா?"

சத்தியம் எதுவும் நான் கேட்கவில்லை. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

ஐந்தாம் வார்டில் சுருள் வைத்திருந்த மூவரில் இருவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாமவரின் சுருளை யாரோ எடுத்துத் தலைக்கு வைத்திருக்கிறார்கள். புதிதாக யாரும் வைக்கவில்லை. கசிவு நின்றது.

மேடத்திடம் சொன்னேன். "நல்லது" என்றார்.

ஜூன் 17, திங்கள்

இட்லி மாவு புளித்துவிட்டது. என் கணவர் தோசையாகச் சாப்பிட்டுவிட்டுப் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போனார். எண் 11 தோல்: முழுமை. ஆனால் பெரியவர் சேர்ந்த நாளில் எப்படிப் படுத்திருந்தாரோ அப்படியேதான் மல்லாந்து படுத்திருக்கிறார்.

ஜூன் 19, புதன்

ஐந்தாம் வார்டு மாடிப்படியில் தவசி எனக்காகக் காத்திருந்தார். கையில் வெந்நீர் பிளாஸ்க்.

"சிஸ்டர், கீழ மூணாவது வார்டுல என்னமோ சொல்லித் தர்றீகளாமே? முதுகுல புண்ணு வராம இருக்க?"

"யார் சொன்னது?"

"வரிசைல முன்ன பேசிக்கிட்டாக. நான் அந்தப் பஞ்சவர்ணம் அக்காட்ட போயிக் கேட்டேன். 'தம்பி, எங்கிட்ட மட்டும் கேக்காத, சத்தியம் பண்ணிட்டேன்'னு சொல்லிப்புட்டு வரிசைய விட்டே போயிருச்சு. வெந்நி கூடப் பிடிக்கல."

ஆய்வு ஜூலை கடைசியில் முடியும் என்றும், முடிந்ததும் அவருக்கும் சொல்லித் தரப்படும் என்றும் சொன்னேன். பெரியவரின் தோலில் மாற்றம் தெரிந்தால் வார்டு செவிலியருக்கு நானே தெரிவிப்பேன் என்றும் சொன்னேன். இவை இரண்டும் விதிமுறையில் உள்ளவை.

"ஜூலை கடைசி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரிங்க சிஸ்டர். எங்கிட்ட முதுகக் காட்ட மாட்டேங்குறாரு. காட்டுனாலாவது எனக்கு வெளங்கும்."

ஜூன் 21, வெள்ளி

எண் 11. முதுகின் அடிப்பகுதியில் சிவப்பு. ஐந்து ரூபாய் நாணய அளவு. அமுக்கினால் வெளுக்கவில்லை.

விதிமுறைப்படி இன்சார்ஜ் சிஸ்டரிடம் தெரிவித்தேன். அவர் வார்டைச் சுற்றிக் கையைக் காட்டினார். நாற்பத்தெட்டுக் கட்டில். தரையில் ஐந்து பேர். பணியில் அவரும் ஒரு பயிற்சி மாணவியும்.

"பக்கம் மாத்தச் சொல்லி எழுதி வைக்கிறேன் மேடம். யாரு மாத்துறதுன்னும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

"உடனிருப்பவரிடம் சொல்லுங்களேன்."

"அந்த மாப்பிள்ளையா? பாவம், பெரியவர் பக்கத்துல அண்ட விட மாட்டேங்குறாரே. நீங்களே ஒருதடவ பொரட்டிட்டுப் போங்க."

அது ஆய்வாளருக்கு அனுமதிக்கப்பட்டதல்ல என்று விளக்கினேன். வார்டில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் இருந்தேன். படிவங்கள் சரிபார்க்க வேண்டியிருந்தது.

ஜூன் 22, சனி

இன்று தரவு நாள் அல்ல. மறந்து வைத்துவிட்ட பேனாவை எடுக்க ஐந்தாம் வார்டுக்குப் போனேன். காலையிலும் மாலையிலும்.

வரும் வழியில் இடுப்பு வலிக்குத் தைலம் வாங்கினேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. இவர் கேட்டார். பேனா என்றேன். "எத்தன பேனா?" என்றார்.

ஜூன் 24, திங்கள்

சகாயமேரி சிஸ்டர் சொன்னது, சொன்னபடியே: "அதிசயமா இருக்கு மேடம். நீங்க வந்துட்டுப் போன பிறகு மட்டும் பெரியவர் வலது பக்கமாப் படுத்திருக்கார். ஒங்க கை ராசி போல." பயிற்சி மாணவி சிரித்தாள். நான் எதையும் குறிக்கவில்லை.

எண் 11. சிவப்பின் நடுவில் தோல் விலகியிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தின் அளவு. ஆழமில்லை. ஈரம் இருக்கிறது.

ஒரு நாளைக்கு இரண்டு முறை புரட்டினால் போதாது என்பது ஏற்கெனவே ஆய்வு நூல்களில் உள்ள செய்திதான்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது சங்கிலி கேட்டார்: "எரியுதும்மா. என்ன வந்துருக்கு?"

"சின்னப் புண்."

"மாப்ளட்டச் சொல்லிராதீக. நம்மளால இப்பிடி ஆச்சேன்னு அது ஒரு பக்கம் சங்கடப்படும்."

தவசி டீக்கடையிலிருந்து திரும்பி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று பார்த்தார். தலையசைத்தேன். வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். பெரியவரின் போர்வையைச் சரியாக இழுத்துவிட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் ஐந்தாம் வார்டுக்குப் போவதற்கு முன் மூன்றாம் வார்டுக்குப் போனேன். சோலைமலைக்கு நேற்று முதல் காய்ச்சல். நெஞ்சில் சளி. பஞ்சவர்ணம் ஈரத்துணியால் அவர் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வார்டில் ஒரு பெரியவருக்குப் பக்கம் மாற்றக் கற்றுக்கொடுக்க வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டேன். நான் சொன்னால் அவர் மருமகன் முன்னால் முதுகைக் காட்ட மாட்டார், வீட்டு ஆளாக யாராவது பேசினால் கேட்கக்கூடும் என்றேன்.

"சத்தியம் பண்ணிருக்கேனே சிஸ்டர்."

"நான்தானே கேட்டுக்கொண்டேன். இப்போது நானே சொல்கிறேன்."

"வாயில சொன்னா ஆச்சா? இவுக தலையத் தொட்டுப் பண்ணுன சத்தியம். நேத்தே அந்தப் பையன் மறுபடியும் வந்து நின்னான். ஒரு வார்த்த சொல்லிருவமான்னு மனசுல நெனச்சேன். நெனப்புத்தான். சாயங்காலம் இவுகளுக்குக் காய்ச்சல் வந்துருச்சு."

காய்ச்சலுக்குக் காரணம் சளி, விழுங்கும்போது உணவு மூச்சுக்குழலுக்குள் போயிருக்கும் என்று சொன்னேன்.

"இருக்கட்டும். ஆருக்குப் பண்ணுனமோ அவுக விட்டாத்தான் அது விடும். எங்க ஊர்ல அப்பிடித்தான். இவுக தலையில கைய வச்சு, விட்டேன்னு சொல்லுங்க. வாரேன்."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். என் வெள்ளைக் கோட்டில் கல்லூரியின் பெயர் இருந்தது. எனக்கு இந்த வழக்கம் கிடையாது. எங்கள் சபையில் சத்தியமே பண்ணக் கூடாது.

சோலைமலையின் தலையில் கை வைத்தேன். சூடு நூறு, நூற்றொன்று இருக்கும். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"பஞ்சவர்ணம் எனக்குப் பண்ணின சத்தியத்தை நான் விட்டுவிட்டேன்" என்றேன்.

"மூணு தடவ."

மூன்று தடவை சொன்னேன்.

பஞ்சவர்ணம் கணவரைப் பக்கத்துக் கட்டில்காரருக்கு உடனிருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் மாடி ஏறினார்.

சங்கிலியின் கட்டிலருகே போனதும் முதல் வேலையாகத் தவசியிடம் சொன்னார்: "தம்பி, நீ எங்கயும் டீ குடிக்கப் போகாத. இங்கனயே நில்லு."

"ஆரும்மா நீங்க?" என்றார் சங்கிலி.

"கீழ் வார்டுண்ணே. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் இதே சீக்குத்தான். முதுகு புண்ணாகிருச்சாம்ல? இந்தப் பிள்ளைக்குச் சொல்லித் தர வந்துருக்கேன்."

"அது வேணாம்மா. அவுக மாப்ள. அவுக அதெல்லாம் பாக்கக் கூடாது."

"ஏன்ணே, ஒங்களுக்கு மகன் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு ஒங்கள உக்கார வச்சுக் குளிப்பாட்டிக் கொள்ளி வைக்கப் போறது ஆரு? இந்தத் தம்பிதான? அப்ப மேலு காலெல்லாம் பாப்பாக. அப்ப 'மாப்ள, போயி டீ குடிச்சிட்டு வாங்க'ன்னு எந்திரிச்சுச் சொல்லுவீகளா?"

பயிற்சி மாணவி புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். சகாயமேரி சிஸ்டர் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தவசி தரையைப் பார்த்தார்.

சங்கிலியின் வயிறு குலுங்கியது. வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் அவரால் சிரிக்க முடியும். சிரித்துக்கொண்டே அழுதார், பக்கவாதக்காரர்களுக்கு இரண்டும் சேர்ந்து வருவதுண்டு.

"பொல்லாத பொம்பளயா இருக்கியே ஆத்தா."

"செத்த பெறகு பாக்குறத இப்பப் பாத்தா, இன்னும் கொஞ்ச நாளு இருப்பீக. அம்புட்டுத்தான். தம்பி, கைய இடுப்புக்கு அடில குடு. முழங்கால மடக்கு. இழுக்காத, உருட்டு."

தவசி உருட்டினார். மண்ணள்ளும் இயந்திரத்தை ஓட்டுகிறவரின் கை. எதிர்பார்த்ததைவிட மெதுவாக இருந்தது. முதுகைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"மாமா, இம்புட்டு நாளு எரிஞ்சிருக்கும்ல. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்ல" என்றார் சங்கிலி, சுவரைப் பார்த்தபடி.

விரலால் அமுக்கிப் பார்க்கும் முறையை நான் சொல்லிக்கொடுத்தேன். உள்ளங்கை எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் அமுக்க வேண்டும் என்பதையும். பக்கத்துக் கட்டில்களில் உடனிருந்தவர்களும் எழுந்து வந்து நின்றார்கள். அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை.

ஜூன் 26, புதன்

மேடத்திடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று ஐந்தாம் வார்டில் பயிற்சி கொடுக்கப்பட்டது என்றேன்.

"பஞ்சவர்ணமா?"

"நான் அழைத்துக்கொண்டு போனேன் மேடம்."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. "ஒருத்தர் முதுகுக்காக ஒரு வார்டு மொத்தமும் போச்சு. புரியுதா?"

"புரியுது மேடம்."

"வேற ஆஸ்பத்திரி பார்க்கணும். மறுபடி அனுமதி. மறுபடி முதல்ல இருந்து. உங்க படிப்பு விடுப்பு ஆகஸ்டோட முடியுது."

"ஆமா மேடம்."

வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்தப் புண் எந்த நிலையில இருக்கு?"

"இரண்டாம் நிலை. ஆழமில்லை."

"ஈரம் படாமப் பார்த்துக்கச் சொல்லுங்க. சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார். பிறகு வைத்தார்.

ஜூன் 28, வெள்ளி

சோலைமலைக்குக் காய்ச்சல் விட்டது. மருந்து மாற்றியிருந்தார்கள். பஞ்சவர்ணத்தின் கணக்கு வேறு.

விடுப்பை நீட்டிக்க விண்ணப்பம் கொடுத்தேன். சம்பளமில்லாமல் என்றால் பரிசீலிக்கலாம் என்கிறார் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் முதல்வர். இவரிடம் சொன்னேன். "அப்ப மாடி ரூம் கட்டுறது அடுத்த வருஷந்தான்" என்றார். பிறகு என் தைலத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 1, திங்கள்

தரவாகப் பயன்படாது என்றாலும் ஐந்தாம் வார்டில் தோல் பார்ப்பதை நிறுத்தவில்லை. படிவங்கள் மீதி இருக்கின்றன.

சங்கிலியின் புண்: ஈரம் குறைந்திருக்கிறது. நான் போகும்போது இடது பக்கம் படுத்திருந்தார். செயலிழந்த பக்கத்தில் அதிக நேரம் விடக் கூடாது என்று தவசிக்குச் சொன்னேன். "நாலுக்குப் பதிலா ரெண்டு சீரியல் வச்சுக்கிறேன் சிஸ்டர்" என்றார். அவர் பார்ப்பது சீரியல் இல்லை, பொக்லைன் பழுது பார்க்கும் வீடியோ.

ஜூலை 5, வெள்ளி

விளிம்பில் புதுத் தோல். வெளிர் நிறம்.

ஜூலை 8, திங்கள்

வெந்நீர் வரிசையில் தவசி நிற்பதைப் பார்த்தேன். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்ணுக்குத் தன் பிளாஸ்கை உருட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "இழுக்கக் கூடாதுக்கா. உருட்டணும்." பிளாஸ்கின் மூடியைக் கழற்றித் தலையணை மாதிரி வைத்தார். நான் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஜூலை 12, வெள்ளி

சங்கிலிக்கு இன்று வீட்டுக்கு அனுமதி. இதயத்துக்கு இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் தவசியைத் தனியாக அழைத்துச் சொன்னார். புண் மூடிவிட்டது. புதுத் தோல் மெல்லியது.

பெரியவரை ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். தவசி பழைய பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பினார்.

"எங்க போறீக மாப்ள?" என்றார் சங்கிலி. "வந்து பொரட்டுங்க."

ஜூலை 15, திங்கள்

புது மருத்துவமனைக்கு அனுமதிக் கடிதம் எழுதினேன். மேடம் திருத்தி அனுப்பினார். வார்டுகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: இரு வார்டினரும் வெந்நீர் எடுக்கும் இடம் தனித்தனியாக இருத்தல் வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

மழை. வெளியே போகவில்லை.

ஜூலை 22, திங்கள்

காலையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"சிஸ்டர், தவசி பேசுறேன். அஞ்சாவது வார்டு."

"சொல்லுங்க தம்பி."

"மாமா தவறிட்டாக. சனிக்கிழம விடியக்கால. தூக்கத்துலயே. நேத்துத்தான் காரியமெல்லாம் ஓஞ்சுச்சு."

வருத்தத்தைத் தெரிவித்தேன். மகளைக் கேட்டேன், குழந்தையைக் கேட்டேன். பதில் சொன்னார். ஆனால் போனை வைக்கவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று காத்திருந்தேன்.

"நான்தான் குளிப்பாட்டுனேன்."

"ம்."

"முதுகப் பாத்தேன் சிஸ்டர். புண்ணு ஒண்ணும் இல்ல. சுத்தமா இருந்துச்சு. நீங்க சொல்லித் தந்த மாதிரி வெரல வச்சு அமுக்கியும் பாத்தேன்."

உயிர் போன உடம்பில் அந்தச் சோதனை செல்லாது. ரத்த ஓட்டம் இருந்தால்தான் அது எதையாவது காட்டும். அதை அவரிடம் சொல்லவில்லை.

"சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்" என்றேன்.

மதியம் எண் 11இன் படிவத்தை எடுத்து முடித்து வைத்தேன். இறுதி நிலை: இறப்பு, வீட்டில். தோல்: புண் இல்லை. பார்த்தவர்: மருமகன்.

பார்த்தவர் பயிற்சி பெற்றவரா என்ற கட்டம் மூன்றாம் வார்டுப் படிவத்தில் மட்டும்தான் உண்டு. ஐந்தாம் வார்டுப் படிவத்தில் கிடையாது. ஸ்கேலை வைத்துக் கட்டத்தை நானே வரைந்து, ஆம் என்று குறித்தேன்.